கட்டி முடியாத வீட்டில் நம் பிள்ளைகள்

(கிராமக் குழுக்களில் வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்)

கொட்டில்களிலும் தறப்பாள் கூடாரங்களிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த நமக்கு, சொந்த வளவில் நான்கு சுவர் எழும்புவது பெரிய ஆறுதல். சுவர் ஆள் உயரத்துக்கு வந்ததும் மேலே தகரத்தைப் போட்டு, சட்டி பானையோடு உள்ளே போய்விடுகிறோம். "கதவு பிறகு போடலாம், நிலம் பிறகு இழுக்கலாம், கிணற்றுக்குக் கட்டுப் பிறகு கட்டலாம்" என்று சொல்லிக்கொள்கிறோம். அந்தப் "பிறகு" சில வேளை ஐந்து வருடம், பத்து வருடம் ஆகிறது. பிள்ளைகளோ அதுவரை காத்திருக்காமல் தவழ்ந்து, நடந்து, ஏறி, குதித்து அந்த அரைகுறை வீட்டுக்குள்ளேயே வளர்கிறார்கள்.

நமது கிராமங்களில் ஒன்றில் நடந்ததைச் சொல்லி இந்தப் பாடத்தைத் தொடங்குகிறோம். தாயும் தகப்பனும் வயலுக்குப் போயிருந்தார்கள். அம்மம்மா அடுப்படியில் இருந்தார். இரண்டரை வயதுப் பிள்ளை முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. புதிதாகக் கட்டிய சுவரை நனைப்பதற்காக ஒரு சிறு தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். பெரியவர்களுக்கு முழங்காலளவு ஆழம்தான். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் மண்வெட்டி இரவல் கேட்டு வந்தபோது, பிள்ளை தொட்டிக்குள் தலைகீழாகக் கிடப்பதைக் கண்டு தூக்கினான். பல நாள் வைத்தியசாலையில் இருந்து பிள்ளை தப்பிவிட்டது. பின்னர் நாம் அந்த வீட்டுக்குப் போனபோது தாய் சொன்னார்: "கிணத்துக்கு வேலி போட்டு வச்சிருந்தனாங்கள். இந்தத் தொட்டியும் ஒரு கிணறு எண்டு ஒருத்தரும் நினைக்கேல்லை."

அந்தத் தாயின் சொல்லே இந்தப் பாடத்தின் சாரம். ஆபத்து என்று நமக்குத் தெரிந்தவற்றைக் காவல் செய்கிறோம். வீடு கட்டும் வேலை புதிதாகக் கொண்டுவந்த ஆபத்துகள் நம் கண்ணில் படுவதில்லை.

பார்ப்போம்

நமது வீடுகள் அரைகுறையாய் நிற்பது நமது சோம்பலினால் அல்ல. வீட்டுக்கான உதவிப் பணம் கட்டம் கட்டமாகவே வருகிறது. 2010 இல் அறிவிக்கப்பட்டு, 2012 ஒக்டோபர் முதல் பெருமளவில் நடந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடக்குக் கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வழங்கப்பட்டது. ஒரு கட்ட வேலை முடிந்ததைப் பார்த்த பின்னரே அடுத்த கட்டப் பணம் கிடைத்தது. இடையில் மணல் விலை, கூலி, கல் விலை ஏறின. 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது 50 கிலோ சீமெந்துப் பை 3000 ரூபா அளவுக்கு ஏறியது. சுவர் மட்டத்தில் நின்ற வீடுகள் அப்படியே நின்றுவிட்டன.

இன்னொரு காரணத்தையும் நாம் ஒளிக்காமல் பேசவேண்டும். வந்த பணத்துக்கு ஏற்ற சிறு வீட்டைக் கட்டாமல், மகளின் கலியாணத்தையும் ஊரார் வாயையும் நினைத்துப் பெரிய அத்திவாரம் போட்டவர்கள் நம்மில் பலர். அத்திவாரத்தோடு பணம் முடிந்துவிடுகிறது, கடன் மிஞ்சுகிறது. இதற்காக ஒருவரையொருவர் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் இனிக் கட்டத் தொடங்குபவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லும் கடமை நமக்கு உண்டு.

அடுத்து, நமது காலக் கணக்கைப் பாருங்கள். அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும் கோடை மாதங்களில்தான் வீட்டு வேலை தொடங்குகிறோம். அத்திவாரம் வெட்டுகிறோம், மலசலகூடத்துக்குக் குழி தோண்டுகிறோம். காசு முடிய வேலை நிற்கிறது. ஒக்டோபரில் மாரி மழை தொடங்கியதும் அந்தக் குழிகள் எல்லாம் நிரம்புகின்றன. அதே வேளையில்தான் காலபோக விதைப்பும் நடக்கிறது. பெரியவர்கள் வயலிலும், பிள்ளைகள் வீட்டிலும், தண்ணீர் குழியிலும் இருக்கும் காலம் அது. ஆண்டில் மிகவும் கவனமாக இருக்கவேண்டிய மாதங்கள் இவையே.

சிந்திப்போம்

பிள்ளை விழுந்தால் "கவனமில்லாத தாய்" என்று சொல்வது நமது வழக்கம். இது நியாயமா? ஒரே ஆள் தண்ணீர் அள்ளி, விறகு பொறுக்கி, சமைத்து, கூலி வேலைக்கும் போகும் வீட்டில், கண்ணை மட்டும் நம்பிப் பிள்ளையைக் காக்க முடியாது. கண் அசந்தாலும் காக்கக்கூடிய வேலியும் மூடியும் கதவும் வேண்டும். எட்டு வயது அக்காவிடம் இரண்டு வயதுத் தம்பியை ஒப்படைத்துவிட்டுப் போவதும் பாதுகாப்பு ஆகாது. அவளும் ஒரு பிள்ளைதான்.

ஆகவே பிள்ளைக்கு அடிபோட்டுப் பழக்குவதற்கு முன்னர் இடத்தைத் திருத்துவோம். மூன்று வயதுப் பிள்ளைக்குப் புத்தி சொல்லிக் குழியிலிருந்து காப்பாற்ற முடியாது. குழியை மூடித்தான் காப்பாற்ற முடியும்.

செயற்படுவோம்

1. தண்ணீர்

சிறு பிள்ளை மூழ்குவதற்கு ஆழம் தேவையில்லை. வாயும் மூக்கும் மூடும் அளவு தண்ணீரே போதும். விழும்போது பிள்ளை கத்துவதும் குறைவு.

கிணற்றுக்குக் குறைந்தது மூன்று அடி உயரக் கட்டு வேண்டும். கட்டுவதற்கு வசதி வரும்வரை, கிணற்றைச் சுற்றி நாலடி உயரத்துக்குப் பனைமட்டை வேலி அடைத்துப் படலை வைத்துக் கட்டுங்கள். பிள்ளை ஏறக்கூடிய கல், வாளி, கட்டை எதையும் கிணற்றோடு அண்டி வைக்காதீர்கள். கட்டில்லாத தோட்டக் கிணறுகளுக்கும் இதே விதிதான்.

சுவர் நனைக்கும் தொட்டியையும் பீப்பாவையும் வேலை முடிந்ததும் கவிழ்த்து விடுங்கள். கவிழ்க்க முடியாத தொட்டிக்குப் பலகையோ தகரமோ போட்டு, பிள்ளை தூக்க முடியாதபடி பாரம் வையுங்கள். மூடிய தொட்டியில் டெங்கு நுளம்பும் முட்டையிடாது. அடுக்கி வைத்த கற்களின் துவாரங்களிலும் மழைநீர் தேங்கும் என்பதை நினைவில் வைத்து, கிழமைக்கு ஒரு தடவை பாருங்கள்.

2. குழிகள்

மலசலகூடக் குழியை, அதற்குக் கட்டும் கல்லும் மூடும் கொங்கிறீற்றுத் தட்டும் கையில் வந்த பிறகே தோண்டுங்கள். தோண்டி இடையில் நிற்க நேர்ந்தால், குறுக்கே பனங்குற்றிகளை நெருக்கமாகப் போட்டு மேலே வேலி அடையுங்கள். கிடுகு மட்டும் போட்டு மூடுவது மூடாததிலும் கேடு. நிலம் என்று நினைத்துப் பிள்ளை அதில் கால் வைக்கும். மழைக்கு முன்னர் கட்ட முடியாத அத்திவாரக் கிடங்குகளை மண் போட்டு நிரப்பிவிடுங்கள். மறுபடி வெட்டும் கூலி, பிள்ளையின் உயிரை விடப் பெரிதல்ல.

போர் நடந்த நிலத்தில் வீடு கட்டும் நமக்கு மண் வெட்டும் போது இன்னுமொரு கவனம் வேண்டும். இலங்கை 2017 இல் மிதிவெடித் தடைச் சாசனத்தில் இணைந்தது. கண்ணிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. எனினும் மண்ணுக்குள் இருந்து இடைக்கிடை வெடிபொருட்கள் வெளிவருகின்றன. துருப்பிடித்த இரும்பு, பிளாஸ்ரிக் மூடி போன்ற தெரியாத பொருள் எதுவானாலும் தொடாமல், தட்டாமல், எரிக்காமல், வந்த அடிப்பாதையிலேயே திரும்பிவந்து கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். இரும்பு பொறுக்கி விற்கும் பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

3. சுவரும் கூரையும்

தனித்து நிற்கும் புதுச் சுவர் காற்றுக்குச் சாயும். மூலைகளைக் கல்லுக்குக் கல் பிணைத்துக் கட்டும்படி மேசனிடம் கேளுங்கள். சுவர் வைக்காமல் முட்டுக் கொடுத்து நிறுத்திய கதவு நிலையில் பிள்ளைகள் தொங்கி ஊஞ்சலாடுவதை நாம் பல வீடுகளில் காண்கிறோம். அந்த முட்டு நழுவினால் நிலை பிள்ளையின் மேல் விழும். கற்களைப் பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு மேல் அடுக்காதீர்கள். மாலையில் மேசன்மார் போகும்போது ஏணியை இறக்கிக் கிடையாகப் போடுவதும், பலகைகளில் உள்ள ஆணிகளைப் பிடுங்கி ஒரு பேணியில் சேர்ப்பதும் வீட்டுக்காரரின் வேலையாக இருக்கட்டும்.

தகரம் பறக்காமல் இருக்க அதன் மேல் கல் ஏற்றி வைப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். காற்றில் தகரத்தோடு அந்தக் கல்லும் வரும். கீழே படுத்திருப்பது பிள்ளை. 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் புரெவி புயல் கரை கடந்தபோது நாம் பட்ட பயத்தை மறந்திருக்க மாட்டோம். கல்லுக்குப் பதிலாகத் தகரத்தைக் கம்பியால் மரத்தோடு இறுக்கிக் கட்டுங்கள். அல்லது மண் மூட்டைகளைச் சோடியாகக் கயிற்றில் பிணைத்து, முகட்டின் இரு பக்கமும் தொங்கும்படி போடுங்கள்.

உடைந்த பழைய அஸ்பெஸ்ரஸ் தகடுகளை அறுப்பதோ, உடைப்பதோ, பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுப்பதோ கூடாது. அதன் தூசு நெஞ்சுக்குள் தங்கி, பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் புற்றுநோய் போன்ற கொடிய நோய்களை உண்டாக்கும். எடுத்து அப்புறப்படுத்த வேண்டுமானால் தண்ணீர் தெளித்து நனைத்து, முழுத் துண்டாகத் தூக்குங்கள்.

4. சீமெந்தும் சுண்ணாம்பும்

குழைத்த சீமெந்து பிள்ளைக்கு நல்ல விளையாட்டுச் சேறு. ஆனால் அதில் காரம் உண்டு. கொஞ்ச நேரம் தோலில் கிடந்தாலே எரித்துப் புண்ணாக்கும். உடனே வலிக்காததால் பிள்ளை சொல்லாது. கண்ணில் பட்டால் கசக்காமல், சுத்தமான தண்ணீரைத் தொடர்ந்து குறைந்தது 20 நிமிடம் ஊற்றிக் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சுண்ணாம்புக்கும் இதே முறைதான்.

5. நெருப்பும் விளக்கும்

மூன்று கல் அடுப்பைத் தாழ்வாரத்தில் நிலத்தோடு வைத்துச் சமைக்கும் காலத்தில்தான் பிள்ளைகள் அதிகம் சுடுபடுகிறார்கள். இரண்டடி உயரத்துக்கு மண்ணும் கல்லும் வைத்து மேடை கட்டி அடுப்பை அதன் மேல் ஏற்றுங்கள். இதற்குச் சீமெந்து தேவையில்லை.

மின்சாரம் வராத வீட்டில் குப்பி விளக்குத் தட்டுப்பட்டு விழுந்தால் பாயும் கிடுகும் பிள்ளையும் பற்றிக்கொள்ளும். நம் நாட்டின் சத்திரசிகிச்சை வைத்தியர் விஜய கொடகும்புர, எரிகாயங்களோடு வந்தவர்களைப் பார்த்து மனம் வருந்தி, 1990களில் பாதுகாப்பான குப்பி விளக்கு ஒன்றை உருவாக்கினார். அதற்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அந்த விளக்குக் குட்டையானது, பாரமானது, தடித்த கண்ணாடியால் ஆனது. இரு பக்கமும் தட்டையாக இருப்பதால் விழுந்தாலும் உருளாது. திருகி மூடும் மூடி இருப்பதால் எண்ணெய் சிந்தாது. இந்தக் குணங்களைப் பார்த்தே விளக்கைத் தெரிவு செய்யுங்கள். நெடிய போத்தல்களைத் தவிருங்கள். சூரிய ஒளி விளக்கு வாங்க முடிந்தால் அது எல்லாவற்றிலும் நல்லது.

6. மின்சாரம்

பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து, பிளக் இல்லாமல் நெருப்புக் குச்சியால் செருகி வைப்பதை இன்றே நிறுத்துவோம். நனைந்த புதுச் சுவரோடும் தகரத்தோடும் படும் வயர் உயிரைக் குடிக்கும். ட்ரிப் சுவிச் இல்லாத இணைப்பு வேண்டாம். அது இருந்தாலும் மாதம் ஒரு தடவை அதன் பரிசோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் மின்சாரம் நிற்காவிட்டால் அது பழுது.

7. மருந்துகளும் எண்ணெய்யும்

அலுமாரியும் கதவும் இல்லாத வீட்டில் பயிர் மருந்து எங்கே இருக்கிறது? பாய்க்குப் பக்கத்தில், அல்லது சுவரோரத்தில். மருந்து, மண்ணெண்ணெய், பெயின்ற், தின்னர் எதையும் சோடாப் போத்தலில் ஊற்றாதீர்கள். பூட்டுப் போடக்கூடிய ஒரு பழைய மரப் பெட்டியை வீட்டுக்கு வெளியே, ஆள் உயரத்தில், நிழலில் கட்டித் தொங்கவிடுங்கள். மூன்று நாலு குடும்பங்கள் சேர்ந்து ஒரே பெட்டியாகவும் வைத்துக்கொள்ளலாம்.

8. பாம்பு

கருத்த உடலில் வெள்ளை வரிகள் உள்ள விரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, நிலத்தில் படுத்திருப்பவர்களைத் தீண்டும். கடித்த இடம் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. விடியற்காலையில் பிள்ளை வயிற்றுநோ என்று அழும், கண்ணிமை சோரும், பேச்சுக் குழறும். அப்படியானால் பாம்பைக் காணாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கதவில்லாத வீட்டில் நுளம்பு வலையைப் பாயின் அடியில் சுற்றிவரச் செருகிப் படுப்பது நுளம்புக்கும் பாம்புக்கும் ஒரே காவல். கல், விறகு, கிடுகு, உடைந்த ஓடு ஆகியவற்றை வீட்டுச் சுவரோடு அடுக்காமல் தள்ளி அடுக்குங்கள்.

9. கதவு

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்கிறோம். கதவில்லாத வீட்டில் வளரும் பெண்பிள்ளைக்கு உடுப்பு மாற்ற மறைவில்லை, நிம்மதியாய்த் தூங்க வழியில்லை. மேசன்மாரும் பொருள் ஏற்றி வருபவர்களும் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் வந்துபோகும் வளவில், ஆண்பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு வேண்டும். உள்பக்கம் கொழுக்கி போடக்கூடிய ஒரு தகரக் கதவாவது ஓர் அறைக்கு வேண்டும். குளிக்கும் இடத்துக்கு நாற்புறமும் மறைப்பு வேண்டும். பிள்ளை "அந்த மாமா எனக்கு வேண்டாம்" என்று சொன்னால் அதட்டாமல் கேளுங்கள். சிறுவர்களுக்கு எதிரான கொடுமைகளை அறிவிக்க 1929 என்ற இலக்கம் உண்டு.

எதை முதலில் செய்வது?

இவ்வளவையும் ஒரேயடியாகச் செய்யப் பணம் ஏது என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. எனவே ஓர் ஒழுங்கைச் சொல்கிறோம்.

முதலாவது, அத்திவாரத்துக்கு முன்னர் கிணற்று வேலி. இரண்டாவது, வீடு முழுவதையும் அரைகுறையாக எழுப்பாமல், ஓர் அறையை மட்டும் கூரை, கதவு, யன்னல் மூடி, சீமெந்து நிலம் என்று முழுமையாக முடித்தல். குடும்பம் முழுவதும் இரவில் அந்த அறைக்குள் படுக்கலாம். உதவித் திட்டத்தின் கட்ட ஒழுங்கு இதற்கு இடம் தராவிட்டால், குழுவாகச் சேர்ந்து பொறுப்பான அலுவலரிடம் பேசுங்கள். இடம் தராவிட்டாலும், சுவர் எழும்பியதும் ஓர் அறைக்காவது தற்காலிகக் கதவு போடலாம். மூன்றாவது, மலசலகூடம். நான்காவது, அடுப்பு மேடையும் படிகளும். மீதி அறைகளும் பூச்சும் விறாந்தையும் பிறகு வரட்டும். அந்தப் "பிறகு" எத்தனை வருடமானாலும் பிள்ளைக்குக் கேடில்லை.

முடியாத அறைகளின் வாசல்களைப் பனைமட்டையால் அடைத்து விடுங்கள். தவழும் பிள்ளைக்கு நிழலில் மூன்றடி உயர வேலியோடு ஒரு சிறு விளையாட்டு இடம் அடைத்துக் கொடுங்கள். விதைப்பு, அறுவடை நாட்களில் ஐந்து வீட்டுக்கு ஒரு பெரியவர் என்று முறை வைத்துப் பிள்ளைகளைப் பாருங்கள். முறை பார்ப்பவருக்கு அன்றைய கூலியை மற்றவர்கள் பகிர்ந்து கொடுப்பது நியாயம்.

ஆபத்து நேர்ந்தால்

தண்ணீரில் மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சு இல்லையெனில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, மார்பு உயரும்படி வாயால் ஐந்து தடவை ஊதுங்கள். பிறகும் அசைவில்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் 30 தடவை அழுத்தி, இரண்டு தடவை ஊதி, உதவி வரும்வரை தொடருங்கள். இதைக் கையால் செய்து பழகவேண்டும். செஞ்சிலுவைச் சங்கத்தினரை உங்கள் குழுவுக்கு அழையுங்கள்.

சுடுபட்ட இடத்தில் 20 நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள். பற்பசை, மை, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். மண்ணெண்ணெய்யோ மருந்தோ குடித்த பிள்ளைக்கு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். பாம்பு கடித்தால் வெட்டுவதும், உறிஞ்சுவதும், இறுக்கிக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்துத் தூக்கிச் செல்லுங்கள். ஆணி ஏறினால் கழுவிவிட்டு, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டோடு வைத்தியசாலைக்குப் போங்கள். 2, 4, 6, 18 மாதங்களிலும் 5 வயதிலும் போடும் ஊசிகளில் ஏற்புவலித் தடுப்பும் அடங்கும். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் தவறியிருந்தால் குடும்ப நல மருத்துவ மாதுவிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். இது 2018 முதல் வடக்கிலும் இயங்குகிறது. இலக்கத்தைக் கரியால் சுவரில் எழுதி வையுங்கள். பூசாத சுவருக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

குழுவேலை

1. ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்காரரின் வளவை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். நம் வளவு நமக்குப் பழகிப்போய்விட்டதால், மாற்றாரின் கண் வேண்டும். குந்தியிருந்து, பிள்ளையின் உயரத்திலிருந்து பாருங்கள். கண்டவற்றைக் குற்றம் சொல்லாமல் சொல்லுங்கள்.

2. கண்டவற்றில் காசில்லாமல் இன்றே செய்யக்கூடியவை எவை? சிரமதானத்தில் செய்யக்கூடியவை எவை? பணம் வேண்டியவை எவை?

3. தலைவர் இல்லாத வீடுகள், கைக்குழந்தை உள்ள வீடுகள் எத்தனை? அவற்றின் கிணற்று வேலியை யார், எந்த நாளில் அடைப்பது? நாளைக் குறித்துக்கொண்டு கலையுங்கள்.

அடுத்த கூட்டத்தை யார் வீட்டில் வைப்பது என்று யோசிக்க வேண்டாம். எந்த வீட்டின் கிணற்று வேலியை முதலில் அடைத்தோமோ, அந்த வீட்டு முற்றத்திலேயே கூடுவோம்.